திறந்த வீடு வேண்டுமா, முதலில் எதை மூடுவது என்று முடிவு பண்ணுங்கள்

எங்கள் ஆதம்பாக்கம் ஃபிளாட்டில் ஹாலைச் சுற்றியிருந்த சுவர்களில் இரண்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்திருக்கிறோம். ஹால், சாப்பிடும் இடம், சமையலறை மூன்றும் இப்போது கண்ணுக்கு ஒரே வெளி. பார்க்க வருகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் "எவ்வளவு ஆச்சு, நாங்களும் பண்ணலாமா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பண்ணலாம். ஆனால் செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு கணக்கு போட வேண்டும்: உங்கள் வீட்டில் எதெல்லாம் மூடியே இருக்க வேண்டும்? மிக்ஸி சத்தம், தாளிப்பு நெடி, பாத்திரம் பண்டம், துணி மாற்றுகிற இடம், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, மத்தியானம் கண்ணயர்கிற பெரியவர்கள். இதையெல்லாம் எங்கே வைப்பது என்று முடிவான பிறகு மிச்சம் இருப்பதைத்தான் திறக்க முடியும். படங்களில் பார்த்துவிட்டுச் சுவரை இடிப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், அப்புறம் ஆறே மாதத்தில் கண்ணாடி முழுக்கத் திரைச்சீலை தொங்குகிறது.

நாங்கள் ஏன் இதில் இறங்கினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது 1,150 சதுர அடி, மூன்று பெட்ரூம், இரண்டாவது மாடி. கிழக்கே இரண்டு அறைகள், வடக்கே சமையலறையும் சர்வீஸ் ஏரியாவும், மேற்கே எங்கள் அறை, நடுவில் ஹால். ஹாலுக்கென்று ஒரு சன்னல்கூடக் கிடையாது. காலை பத்து மணிக்கும் டியூப்லைட் எரிந்துகொண்டிருக்கும். கிழக்கு அறைகளில் வெயில் கொட்டும், வடக்குச் சமையலறையில் நாள் முழுக்க வெயில் ஏறாத நல்ல வெளிச்சம் இருக்கும், இரண்டுமே சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும். அதனால் எங்களுக்குக் கண்ணாடி அலங்காரமாக வரவில்லை, அடுத்த அறையின் வெளிச்சத்தை ஹாலுக்குக் கொண்டுவரும் வழியாகத்தான் வந்தது. உங்கள் ஹாலில் ஏற்கெனவே இரண்டு பக்கம் சன்னல் இருந்தால் இந்தச் செலவு தேவையா என்று ஒருமுறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

அறைகளுக்கு நடுவே சுவர் இல்லாத ஓப்பன் பிளான் என்றதும் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கிறோம். நம் பழைய வீடுகளில் கூடம் என்பது என்ன? அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் பாய் விரித்துத் தூக்கம், அங்கேதான் பிள்ளைகள் படிப்பு, விசேஷம் வந்தால் அங்கேயே பந்தி. நடுவில் முற்றத்திலிருந்து வெளிச்சம். கூடம் அவ்வளவு காலியாக இருக்க முடிந்ததற்குக் காரணம் பின்னால் ஒரு உக்கிராண அறையும் தலைக்கு மேலே பரணும் இருந்ததுதான். அரிசி மூட்டை, அண்டா, ஊறுகாய் ஜாடி எல்லாம் அங்கே போய்விடும். 1951-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பிளானோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோ கட்டி முடித்த பார்ன்ஸ்வொர்த் வீட்டிலும் இதே கதைதான். நாலா பக்கமும் கண்ணாடிச் சுவர், உள்ளே ஒரே அறை. ஆனால் நடுவில் மரப்பலகை போர்த்திய ஒரு மூடிய பகுதி இருக்கிறது, குளியலறைகள், குழாய்கள் எல்லாம் அதற்குள். சமையல் மேடை அதன் ஒரு பக்கத்தை ஒட்டி ஓடுகிறது. அந்த வீட்டைக் கட்டச் சொன்ன டாக்டர் எடித் பார்ன்ஸ்வொர்த்துக்கே வெக்கையும் மறைவில்லாமையும் பெரிய குறையாக இருந்தன. உலகம் கொண்டாடும் கண்ணாடி வீட்டிலேயே அப்படி என்றால், மாமியார், மருமகள், பிள்ளை, வேலைக்கு வரும் அக்கா எல்லாரும் நடமாடும் நம் வீட்டில் மூட வேண்டியதைப் பற்றி எவ்வளவு யோசிக்க வேண்டும்!

சரி, சுவரை எடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இதில் மட்டும் தைரியத்தைக் காட்டாதீர்கள். தூண், பீம், ஸ்லாப் என்று கான்கிரீட் சட்டகமாகக் கட்டிய கட்டடத்தில் நடுவில் இருக்கும் நாலரை அங்குலச் செங்கல் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்புதான், பாரம் தாங்காது. பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் சிலவற்றில் தூணே இருக்காது, ஒன்பது அங்குலச் சுவர்தான் மேல்மாடியைத் தாங்கும். புது அடுக்ககங்கள் பலவற்றில் அலுமினிய அச்சு வைத்துச் சுவரையே கான்கிரீட்டில் வார்த்துவிடுகிறார்கள், மைவான் என்பார்கள், அதில் கை வைக்கவே கூடாது. தட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்று மேஸ்திரி சொல்வதை நம்பி இறங்க வேண்டாம். கட்டட வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவந்து எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் கையில் இருந்ததால் அசோசியேஷனில் எங்களுக்குப் பேச்சே வரவில்லை, கீழ்வீட்டுக்காரர்களும் நிம்மதியாக இருந்தார்கள்.

சுவர் போன பிறகு மேலே பீம் தெரியும். எங்கள் வீட்டில் ஸ்லாபிலிருந்து ஒன்பது அங்குலம் கீழே இறங்கி நிற்கிறது. பல பேர் இதை மறைக்க முழு ஹாலுக்கும் ஃபால்ஸ் சீலிங் போட்டு உயரத்தை இழக்கிறார்கள். எங்கள் ஆர்க்கிடெக்ட் தோழி சொன்னது இதுதான்: "பீம் எங்கே ஓடுதோ அங்கேதான் கண்ணாடி. அதைத் தாண்டி ஒரு அங்குலம்கூட நகர்த்தாதே." இதில் மூன்று லாபம். கண்ணாடியின் உயரம் குறைகிறது, மேலே கண்ணாடி செருகுகிற யூ வடிவச் சேனலைப் பிடிக்க உறுதியான கான்கிரீட் கிடைக்கிறது, ஏசி காற்று மேல் வழியாகத் தப்பிக்க இடைவெளி இருப்பதில்லை. பீம் வெள்ளை பெயின்ட்டோடு அப்படியே தெரிகிறது, யாருக்கும் உறுத்தவில்லை.

தரையில் இன்னொரு விஷயம். நாலரை அங்குலச் சுவரும் இரண்டு பக்கப் பூச்சும் போன இடத்தில் கிட்டத்தட்ட ஆறு அங்குல அகலத்துக்கு டைல் இல்லாத பட்டை ஒன்று நீளமாகக் கிடக்கும். பழைய டைல் கடையில் கிடைக்காது, கிடைத்தாலும் நிறம் ஒட்டாது. அதே மாதிரி தேடி அலையாமல் வேறு பொருளையே போட்டுவிடுவது நல்லது என்பது என் எண்ணம். நாங்கள் ஆத்தங்குடி டைலை வெட்டிப் பட்டையாகப் பதித்தோம். ஆத்தங்குடி டைலையே கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றித்தான் கையால் வார்க்கிறார்கள், அதன் மினுமினுப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. கண்ணாடிச் சுவரின் காலடியில் அது ஓடுவதில் எனக்குத் தனி சந்தோஷம். ஆனால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிற பராமரிப்பெல்லாம் அதற்கு உண்டு, முடியாது என்றால் கறுப்பு கிரானைட் பட்டை போதும்.

இனி கண்ணாடி. கடைக்குப் போவதற்கு முன்னால் இரண்டே இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும். டஃபன்டு கிளாஸ் என்பது சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர் காற்று அடித்து இறுக்கியது. நான்கைந்து மடங்கு பலம், உடைந்தால் கத்தி மாதிரித் துண்டாகாமல் சிறு சிறு கட்டிகளாக உதிரும். ஆனால் அதன் விளிம்புதான் பலவீனம், முகத்தில் அடித்தால் தாங்குவது மூலையில் ஒரு சின்ன தட்டலில் மொத்தமாகக் கொட்டிவிடும். உள்ளே நிக்கல் சல்ஃபைடு துகள் இருந்தால் யாரும் தொடாமலே ஒரு நாள் உடையவும் வாய்ப்பு உண்டு, அபூர்வம்தான், ஆலையிலேயே மறுபடி சூடாக்கிச் சோதித்த (ஹீட் சோக்) கண்ணாடி கேட்டு வாங்கினால் அந்த வாய்ப்பு இன்னும் குறையும். லேமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிவிபி என்ற படலத்தை வைத்து ஒட்டியது. உடைந்தாலும் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், கீழே கொட்டாது, சத்தத்தையும் கொஞ்சம் அதிகமாகத் தடுக்கும். விலை அதிகம், எடை கிட்டத்தட்ட அதேதான். சமையலறைக்கு 10 மி.மீ. டஃபன்டு, படிக்கிற அறைக்கு இரண்டு 5 மி.மீ. டஃபன்டு கண்ணாடிகளுக்கு நடுவே 1.52 மி.மீ. படலம் வைத்த லேமினேட்டட் என்று பிரித்துக்கொண்டோம்.

எடையைச் சொன்னேன் இல்லையா, அதை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரை கிலோ. எட்டடிக்கு இரண்டரை அடி, 10 மி.மீ. பலகை ஒன்று 46 கிலோ வரும். இரண்டு பேர் ரப்பர் உறிஞ்சியைப் பிடித்துத் தூக்கிவிடலாம். நான்கு அடி அகலத்தில் 12 மி.மீ. கேட்டால் ஒரு பலகையே தொண்ணூறு கிலோவை நெருங்கும், லிஃப்ட்டில் நுழையாது, படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பாது. டஃபன்டு செய்த பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது என்பதால் "மேலே வந்து பார்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. படிக்கட்டு அகலத்தையும் திருப்பத்தையும் அளந்த பிறகுதான் பலகை அகலத்தை முடிவு செய்தோம்.

அளவு எடுக்கும் நேரமும் முக்கியம். டைல் பதித்து, பூச்சு காய்ந்து, பட்டி பார்த்து முடிந்த பிறகுதான் அளவு எடுக்க வேண்டும். உயரத்தை இடது, நடு, வலது என்று மூன்று இடத்திலும், அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும் எடுத்து, ஆகக் குறைந்த அளவிலிருந்து, ஓரத்தை அடைக்கிற சிலிக்கான் பசைக்கு இரண்டு பக்கமும் சில மில்லிமீட்டர் கழிக்க வேண்டும். எங்களுக்குக் கண்ணாடி தந்த கடையிலிருந்து வந்தவர் தரை வேலை முடிவதற்குள் ஒரு அளவு எடுத்துப்போய், அதையே ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு பலகை 6 மி.மீ. உயரம் அதிகமாக வந்து நின்றது. ஆறு மில்லிமீட்டரைத் தேய்த்து எடுக்கவும் வழியில்லை, புதிதாகச் செய்துதான் ஆக வேண்டும். இறுதி அளவு யார் எடுத்தது, எந்தத் தேதியில், தப்பினால் செலவு யாருடையது என்று ஆர்டர் தாளிலேயே எழுதியிருந்ததால் அவர்களே மாற்றிக் கொடுத்தார்கள். அந்த வரி இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விலை விசாரிக்கப் பார்க் டவுனில் தேவராஜ முதலி தெருவில் ஒரு சுற்று சுற்றினோம். ஸ்ரீபெரும்புதூரில் 2000-லிருந்து செயின்ட் கோபெய்ன் ஆலை ஓடுகிறது, அதனால் கண்ணாடிக்குச் சென்னையில் பஞ்சமில்லை. விலை ஏறுவது வேறு இடத்தில். கண்ணாடியின் சதுர அடி விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு, கீல், கைப்பிடி, பூட்டு, ஸ்லைடிங் சக்கரம், கண்ணாடியின் மூலையைப் பிடிக்கும் பேட்ச் ஃபிட்டிங் என்று தனித்தனியாகச் சேர்ப்பார்கள். அளவை மேல்நோக்கி முழுமையாக்கி பில் போடுவதும் வழக்கம், 29 அங்குலம் என்றால் 30-க்குக் கணக்கு வரும். ஃபிட்டிங்ஸ், போக்குவரத்து, மாடிக்கு ஏற்றும் கூலி, 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையாகக் கேட்டு மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள்.

சமையலறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் வீடுகளில் ஓப்பன் பிளான் தோற்பது பெரும்பாலும் அங்கேதான். ரொட்டி, சாலட் என்று சாப்பிடுகிற வீட்டுக்கு முழுக்கத் திறந்த சமையலறை சரி. காய்ந்த மிளகாயும் கடுகும் தாளித்து, வத்தக்குழம்பு கொதித்து, வாரம் ஒருமுறை மீன் பொரிக்கிற வீட்டுக்கு அது சரிப்படாது. சிம்னி எல்லாவற்றையும் இழுத்துவிடும் என்று கடையில் சொல்வார்கள். குழாய் வைத்து வெளியே தள்ளுகிற சிம்னியானாலும், குழாய் நீளமாக, வளைவு அதிகமாக இருந்தால் இழுக்கும் சக்தி குறைந்துவிடும். அதைவிடப் பலர் கவனிக்காதது: சிம்னி வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். கண்ணாடிக் கதவையும் சன்னலையும் இறுக மூடிவிட்டுச் சிம்னியைப் போட்டால் அது சத்தம் போடுமே தவிர வேலை செய்யாது. தாளிக்கும்போது வடக்குச் சன்னலை நான்கு விரல் திறந்து வைக்கிறோம், கண்ணாடிக் கதவை மூடுகிறோம், ஹாலுக்கு நெடி வருவதில்லை.

அந்தக் கதவு மேலே பீமிலிருந்து தொங்குகிற ஸ்லைடிங். தரையில் தண்டவாளம் கிடையாது. இது என் பிடிவாதம். தரைத் தண்டவாளத்தில் அரிசி, பருப்பு, தூசி எல்லாம் சேரும், மாப் ஓடாது, வயதானவர்கள் கால் இடறும். தொங்கும் கதவில் கீழே ஒரு சிறு இடைவெளி இருக்கும், அது வழியாகச் சத்தம் கொஞ்சம் கசியும். ஆனால் அந்த இடைவெளி தேவையானதும்கூட. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் பரவும். சமையலறையைக் கண்ணாடியால் அடைக்கிறவர்கள் சர்வீஸ் ஏரியாப் பக்கம் தரையை ஒட்டி ஒரு காற்றுத் துவாரம் வைத்தே ஆக வேண்டும். மேலே வெண்டிலேட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

மிக்ஸி! கண்ணாடியும் டைலுமாக இருக்கிற வீட்டில் மிக்ஸி போட்டால் பேச்சு நின்றுவிடும். எங்கள் மிக்ஸியும் கிரைண்டரும் சர்வீஸ் ஏரியாவில் ஒரு கிரானைட் மேடைக்குக் குடிபோய்விட்டன, அங்கே செங்கல் சுவரும் மரக்கதவும் இருக்கின்றன. அதற்கென்று தனி பிளக், தனி விளக்கு. மாவு அரைக்க நாலு அடி கூட நடக்க வேண்டியிருக்கிறது, பரவாயில்லை. ஓப்பன் பிளானில் சத்தம் போடுகிற பொருள்களைச் சமையல் மேடையிலிருந்து பிரித்து வைப்பதுபோல மலிவான, பலன் தரும் வேலை வேறு இல்லை.

கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். சமையலறைப் பக்கம் வழவழப்பான முகம்தான் இருக்க வேண்டும். கோடு கோடாக இருக்கும் ஃப்ளூட்டட் கண்ணாடி இப்போது ரொம்பப் பிரபலம், அழகுதான், ஆனால் கோடுள்ள பக்கத்தை அடுப்புப் பக்கம் வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் பிசுக்கு உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து மகளின் அறை. அவள் பிளஸ் டூ. கிழக்கு வெளிச்சம் அந்த அறையில் நன்றாக விழுகிறது, அதனால் ஹால் பக்கச் சுவரை எடுத்தோம். இங்கே தெளிவான கண்ணாடி வைக்கவே இல்லை, ஃப்ளூட்டட்தான். உருவம் அசைவது தெரியும், முகமோ திரையில் ஓடுவதோ தெரியாது. கண்ணாடியை ஒட்டி நின்றால் ஓரளவு தெரியும், தள்ளிப் போகப் போகக் கலங்கிவிடும். அதனால் அவள் மேசையும் கட்டிலும் கண்ணாடியிலிருந்து தள்ளி உள்சுவரை ஒட்டி இருக்கின்றன, கண்ணாடி ஓரம் புத்தக அலமாரி. துணி மாற்ற, ராத்திரி தூங்க, உள்பக்கம் கனமான பருத்தித் திரை. அதற்கான கம்பியைச் சீலிங் வேலையோடு சேர்த்தே பொருத்திவிட்டோம். ராத்திரி நேரம் தனிக் கணக்கு. எந்தப் பக்கம் விளக்கு எரிகிறதோ அந்தப் பக்கம் இருட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும், வெளிச்சத்தில் இருப்பவருக்குக் கண்ணாடி முகம்பார்க்கிற கண்ணாடியாகிவிடும். பகலில் கடையில் மாதிரி பார்த்து ஓகே சொல்லிவிடாமல், ஒரு துண்டு வாங்கிவந்து ராத்திரி விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

அந்த அறைக்கு ஸ்லைடிங் வேண்டாம் என்றும் முடிவு செய்தோம். சத்தத்தைத் தடுப்பதில் கண்ணாடியின் கனத்தைவிட இடைவெளிதான் பெரிய விஷயம். எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியானாலும் கதவோரம் விரல் நுழைகிற சந்து இருந்தால் டிவி அப்படியே உள்ளே கேட்கும். கீல் வைத்த கதவு, நாலு பக்கமும் அலுமினிய ஃபிரேம், ஃபிரேமில் ரப்பர் பட்டை, கதவுக்குக் கீழே மூடும்போது இறங்குகிற சீல். இவ்வளவு செய்தும் செங்கல் சுவர் தந்த அமைதி வரவில்லை, வராது. சாதாரணமாகப் பேசுவது கேட்காது, யாராவது சிரித்தால் கேட்கும். பரீட்சை மாதங்களில் டிவியை எங்கள் அறைக்கு மாற்றிவிடுகிறோம். கண்ணாடி எழுப்புகிற எந்த வீட்டிலும் வீட்டு வழக்கங்களும் கொஞ்சம் மாற வேண்டியிருக்கும், அதற்கு எல்லாரும் சம்மதமா என்று முன்னாலேயே பேசிவிடுங்கள்.

பேசியதில், இன்னொரு கிழக்கு அறையில் இருக்கும் அத்தை நேரடியாகச் சொல்லிவிட்டார்கள். "என் ரூமை மட்டும் விட்டுடும்மா. நான் எப்ப படுப்பேன், எப்ப எழுந்திருப்பேன்னு எனக்கே தெரியாது." அவர்கள் சொன்னது முழுக்க நியாயம். எழுபது வயதுக்கு மேல் ஒருவருக்குத் தன் அறைக்குள் யார் கண்ணும் படாமல் இருக்கும் உரிமை, ஹாலின் வெளிச்சத்தைவிடப் பெரியது. அவர்கள் அறைச் சுவர் அப்படியே நிற்கிறது. கதவு உயரத்தில் ஓடும் லிண்டலுக்கு மேல், பீமுக்குக் கீழ் இருந்த செங்கல் வரிசையை மட்டும் எடுத்துத் தெளிவான கண்ணாடிப் பட்டை வைத்தோம், ஒன்றரை அடி உயரம்கூட இருக்காது. தலைக்கு மேலே இருப்பதால் யாரும் எட்டிப் பார்க்க முடியாது, ஆனால் காலை வெயில் சீலிங்கில் பட்டு ஹாலுக்குள் சரிந்து வருகிறது. முழு வீட்டிலும் குறைந்த செலவில் அதிகம் பலன் தந்தது இதுதான். சுவரை இடிக்கத் தயங்குகிறவர்கள் இதை மட்டும் செய்து பார்க்கலாம்.

பாதுகாப்புக்கு ஒன்று. சுத்தமாகத் துடைத்த தெளிவான கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகள் ஓடிவந்து மோதுவார்கள், கண்புரை இருக்கிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. அலுவலகங்களில் கண் உயரத்தில் பட்டை ஒட்டுகிறார்களே, அதேபோல வீட்டிலும் வேண்டும், பெரியவர் கண் உயரத்தில் ஒன்று, குழந்தை உயரத்தில் ஒன்று. நாங்கள் பால்நிற ஃபிலிமில் புள்ளிக்கோலம் வெட்டி இரண்டு வரிசையாக ஒட்டியிருக்கிறோம். நேர்ப்புள்ளி வரிசை அத்தை போட்டுக் கொடுத்தது. கண்ணாடியின் மற்ற இடம் முழுக்க வெறுமையாக இருப்பதால் அந்தக் கோலம் எடுத்துத் தெரிகிறது.

மினிமலிசம் என்ற பேச்சில் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. சாமானைக் குறையுங்கள், தூக்கிப் போடுங்கள் என்பார்கள். கொலு வைக்கிற வீட்டில், பாட்டி காலத்துப் பித்தளை அண்டா இருக்கிற வீட்டில், நாலு பேர் வந்தால் கோரைப்பாய் விரிக்கிற வீட்டில் எதைத் தூக்கிப் போடுவது? உபயோகமே இல்லாததைக் கொடுத்தோம், சரி. மிச்சத்துக்கு இடம் பண்ணினோம். வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் இரண்டு வகையாகப் பிரித்து எழுதினோம்: தினமும் கை படுவது, வருடத்தில் ஓரிரு முறை எடுப்பது. கொலுப் பெட்டிகளையும் படிகளையும் நாடா வைத்து அளந்தோம். அந்த அளவுக்கு ஹாலின் தெற்குச் சுவர் முழுக்க, தரையிலிருந்து சீலிங் வரை, இரண்டடி ஆழத்தில் மூடிய அலமாரி. கைப்பிடி இல்லாத வெள்ளைக் கதவுகள், பார்த்தால் சுவர் மாதிரி இருக்கும். மேல் தட்டில் கொலுவும் அண்டாவும், கீழே வாக்யூம் கிளீனர், இஸ்திரிப் பலகை, மடிப்பு நாற்காலிகள். ஒரு கதவுக்குப் பின்னால் பூஜை அலமாரி, காலையிலும் மாலையிலும் கதவு திறந்திருக்கும். சுவரெல்லாம் கண்ணாடியாகிவிட்டால் அலமாரி வைக்க இடமே இருக்காது என்பதை வரைபடத்திலேயே பார்த்துவிட வேண்டும். எத்தனை அடி சுவரை எடுக்கிறீர்களோ அத்தனை அடி அலமாரி இடத்தையும் சேர்த்து எடுக்கிறீர்கள்.

சுவிட்ச் போர்டும் அப்படித்தான். சுவரோடு போகிற ஒயரிங் எல்லாம் வேறு எங்கே இறங்கப் போகிறது? கண்ணாடியில் சுவிட்ச் வைக்க முடியாது. எங்களுக்குத் தூண் ஓரத்தில் இறங்கின, சாப்பாட்டு மேசைக்கு மட்டும் தரையில் ஒரு பிளக். எலக்ட்ரீஷியனைச் சுவர் இடிப்பதற்கு முன்னாலேயே கூட்டிவந்து காட்டுங்கள். ஏசியும் பெரிய இடத்துக்கு ஏற்ற அளவாக மாற வேண்டும், ஆனால் கண்ணாடிக் கதவுகளை மூடிவிட்டால் ஹால் மட்டும் குளிர்கிறது. கண்ணாடியே இல்லாமல் முழுக்கத் திறந்த வீட்டுக்கு இந்த வசதி கிடையாது.

எல்லாம் முடிந்து சாமான் வருவதற்கு முன்னால் ஹாலில் நின்று பேசினால் கல்யாண மண்டபம் மாதிரி எதிரொலித்தது. டைல், கண்ணாடி, வெறும் சுவர், சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. காலியான அழகை மட்டும் பார்த்து நிறுத்திக்கொண்டால் அந்த வீட்டில் இருப்பது களைப்பு. பவானி ஜமுக்காளம் ஒன்று பெரிதாக விரித்தோம், துணி போர்த்திய சோஃபா வந்தது, மகளின் புத்தக அலமாரியும் சேர்ந்துகொண்டது. பேச்சு பேச்சாகக் கேட்க ஆரம்பித்தது. தோல் சோஃபா வாங்குவதாக இருந்த திட்டத்தை அதனால்தான் கைவிட்டோம்.

துடைப்பதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: போர் தண்ணீர் கண்ணாடிக்குப் பகை, உப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு விடும். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அதில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது. அதில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்து, பழைய வேட்டித் துணியால் காயத் துடைத்தால் போதும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை எடுக்காதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். சமையலறைப் பக்கம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, மற்றது வாரம் ஒருமுறை. வேலைக்கு வரும் அக்காவிடம் இது கூடுதல் வேலை என்று சொல்லிச் சம்பளத்தையும் ஏற்றிக் கொடுத்தோம், அதையும் மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிலிக்கான் பூசும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். புளித்த காடி வாடை அடித்தால் அது அமில வகை, லேமினேட்டட் கண்ணாடியின் ஓரத்தில் பட்டால் நாளாவட்டத்தில் படலம் மங்கலாம். நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை. கண்ணாடி கீழே நேராகத் தரையிலோ அலுமினியத்திலோ உட்காரக் கூடாது, ரப்பர் கட்டைமேல்தான் நிற்க வேண்டும், அதையும் சேனலை மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும். பலகைகளின் அளவு, கனம், ஆர்டர் எண் எல்லாவற்றையும் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறோம், என்றைக்காவது ஒன்று உடைந்தால் மறுபடி அளவெடுக்க ஆள் தேடாமல் அதைப் பார்த்தே ஆர்டர் கொடுத்துவிடலாம்.